பின் சீற்றில் பூசிய மஞ்சள்

1. கண்ணாடி ஏற்றின கார்

ஆவணி மாத வெயிலில் நான்கு கண்ணாடியையும் ஏற்றிவிட்டுக் கார் ஓட்டுகிறவன் ஒன்றில் பைத்தியக்காரன், இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறவன். கந்தையா அண்ணை பைத்தியக்காரன் இல்லை. அதனால் அந்தப் புதன்கிழமை காலை அவர் அப்படி எங்கள் கராச்சுக்குள் வந்து நின்றபோது, நான் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுக் கிட்டப் போனேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முந்தின கதை இது. கோப்பாயில் அல்பிரட் மாஸ்ரரின் கராச்சில் எனக்கு வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர், அதை விட்டுவிட்டுக் கராச் போட்டபடியால் கடைசிவரை மாஸ்ரர்தான். எஞ்சின் பக்கம் நான் போவதில்லை. காரின் பொடியை, அதாவது வெளித் தகட்டை, கழுவிப் பொலிஷ் போடுவதும், உள்ளே தோலையும் மரத்தையும் துடைத்து மினுக்குவதும்தான் என் வேலை. மெக்கானிக்மார் என்னைப் ‘பொம்பிளை சோடிக்கிறவர்’ என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். கார்க்காரர் வந்தவுடன் முதலில் பார்ப்பது என் வேலையைத்தான்.

கந்தையா அண்ணை சுருட்டு முதலாளி வைத்திலிங்கத்தாரின் டிரைவர். பதினொரு வருஷமாக அந்த வீட்டுக் கார்ச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அவர் இறங்கிக் கதவைத் திறக்காமல் அதிலே சாய்ந்துகொண்டு நின்றார்.

“தம்பி, உள்ளுக்கை ஒருக்காப் பாரும். கத்தாதையும்.”

நான் கத்தினேன். பாலாடை நிறத் தோல் போட்ட பின் சீற் முழுவதும் மஞ்சளாகக் கிடந்தது. சாய்கிற இடம், இருக்கிற இடம், தையல், பொத்தான் எல்லாம் மஞ்சள். கார் முழுக்கக் கோயில் மடப்பள்ளி மணந்தது.

“என்ன அண்ணை இது?”

“திங்கட்கிழமை முதலாளியை ஒரு வழக்குக்குச் சாவகச்சேரிக் கோட்டிலை இறக்கிப்போட்டு வெறுங் காரோடை வந்துகொண்டிருந்தனான். கைதடிக்குக் கிட்ட ஒரு மாட்டுவண்டில் அச்சு முறிஞ்சு கிடக்கு. வண்டிலுக்கை ஒரு மனிசி பிள்ளை நோவிலை துடிக்கிறா. புருஷன்காரன் றோட்டிலை நிண்டு கும்பிடுறான். நான் என்ன செய்ய? ஏத்திக்கொண்டு சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குத் திருப்பினன். ஆஸ்பத்திரிப் படலையடியிலை, காருக்குள்ளையே பிறந்திட்டுது.”

“சீற்றிலை பட்டதோ?” என்று கேட்டேன்.

“ஒரு துளி படேல்லை. என்ரை சால்வையை விரிச்சு, அதுக்கு மேலை அவையின்ரை சாக்கையும் போட்டுத்தான் கிடத்தினனான்.”

“அப்ப இந்த மஞ்சள்?”

“நாகம்மாக்கா,” என்றார்.

நாகம்மாக்கா வைத்திலிங்கத்தாரின் தமக்கை. தம்பியின் மனைவி செத்த நாளிலிருந்து அந்த வீட்டை நடத்துகிறவர். காருக்குள் பிள்ளை பிறந்ததே துடக்கு, தீட்டு. பெற்றவள் புகையிலைத் தோட்டத்துக் கூலிக்காரி, அந்த வீட்டுப் படலை வாசலுக்குள்ளே வரவிடாத சாதி. துடக்குக் கழிக்கத் தெளிக்கிற மஞ்சள் தண்ணீர் போதாது என்று அவர் நினைத்துவிட்டார். அம்மியில் மஞ்சள் அரைத்து, சீற் முழுவதும் தன் கையாலே அப்பி, ஒரு நாள் காயவிட்டு, பிறகு மூன்று குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். துடக்குப் போயிற்று. மஞ்சள் போகவில்லை.

அடுத்த புதன்கிழமை வைத்திலிங்கத்தாரின் ஒரே மகளுக்குக் கலியாணம். தாலி கட்டினபின் மாப்பிள்ளையும் பெண்ணும் நெல்லியடிக்குப் போகிற கார் இது. மாப்பிள்ளை வீட்டார் சீற்றைப் பார்த்து ஏன் இந்த நிறம் என்று கேட்டால் கதை வெளியில் வரும். வந்தால் அந்தக் காரில் ஏறமாட்டோம் என்பார்கள், அதற்கு மேலும் ஏதாவது சொல்வார்கள்.

“‘செவ்வாய்க்கிழமைக்குள்ளை சீற் பழையபடி வந்தால் நீ இருக்கலாம். வராட்டிச் சாவியை மேசையிலை வைச்சிட்டுப் போ’ எண்டு முதலாளி சொல்லிப்போட்டார். அவரிலை பிழையில்லைத் தம்பி. தமக்கைக்கும் சம்பந்தி வீட்டுக்கும் நடுவிலை அவர் என்ன செய்வார்?”

அப்படிச் சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

2. சாமிக்கு வாழையிலை

இந்த இடத்தில் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் விட்ட பிழை உங்களுக்கு விளங்காது. இன்றைக்குக் கடையில் போய்க் கேட்டால் மேசை நிறைய டப்பா எடுத்து வைக்கிறார்கள். அன்றைக்கு என்னிடம் இருந்தவை மூன்று: சீமை வாக்ஸ் ஒன்று, கீறல் எடுக்கிற கட்டிங் பேஸ்ட் ஒன்று, தோலுக்கான சீமைச் சவர்க்காரம் ஒன்று. மிச்சமெல்லாம் சந்தையில் வாங்கினவை.

எனக்கு முதல் எதிரி எங்கள் கிணற்றுத் தண்ணீர். அதில் உள்ள சுண்ணாம்பு, கழுவின காரை வெயிலில் விட்டால் பொடி முழுக்க வெள்ளைப் பொட்டு வைத்துவிடும். அதற்காக மாரியில் ஓட்டுக் கூரையால் வடிகிற மழைத் தண்ணீரை இரண்டு பீப்பாவில் பிடித்து, வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தேன். தேத்தண்ணீர் போடக்கூட ஒருவருக்கும் கொடுப்பதில்லை. மாஸ்ரரே ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இரண்டாவது எதிரி தேங்காய் எண்ணெய். தலைக்குப் பூசினால் மினுங்குகிறது, காருக்குப் பூசினால் என்ன என்பது அநேகருடைய எண்ணம். காலையில் நன்றாகத்தான் மினுங்கும். பின்னேரம் வந்து பார்த்தால் எங்கள் செம்மண் புழுதி முழுவதும் அதில் ஒட்டியிருக்கும். உள்ளே தோலுக்குப் பூசினாலோ எறும்பு வரும், பிறகு நாற்றம் வரும், கடைசியில் அடுத்ததாக ஏறி இருக்கிறவருடைய வேட்டியில் அது வரும். தோலுக்கு நான் பாவித்தது ஆமணக்கெண்ணெய். அதுவும் விரல் நுனியால் தொட்டுத் துணியில் தேய்த்து, அந்தத் துணியால் துடைக்கிற அளவுதான்.

மூன்றாவது எதிரியைப் பற்றிக் கவனமாகத்தான் எழுத வேண்டும். ஆயுத பூசைக்குப் பொனற்றில் மூன்று குறி விபூதி, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஒரு கிழமை கழித்துக் கழுவினால் அந்த இடத்தில் பெயின்ற் மங்கி, வருஷம் முழுவதும் கார் விபூதி பூசினபடியே நிற்கும். நான் திருநீறு பூசாமல் வேலைக்கு வராதவன், சாமிக்கு எதிராகக் கதைக்க முடியுமா? ஒரு துண்டு வாழையிலையை ஒட்டி அதன் மேல் பூசுங்கோ, பின்னேரம் இலையோடு எடுத்துவிடுங்கோ என்று சொல்வேன். சாமி ஒன்றும் கோபித்ததாகத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தேன். எந்த மருந்தானாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் பூசி, காயவிட்டுப் பார்க்க வேண்டும். எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லி ஏசியிருக்கிறேன்.

அந்தப் புதன்கிழமை நான் அதைச் செய்யவில்லை.

3. நான் கரைத்த ஆலாத்தி

அவசரம் என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. கந்தையா அண்ணை அப்படி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்குத் தாங்கவில்லை. பத்து நிமிஷத்தில் அவருக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சீமைச் சவர்க்காரத்தை மழைத் தண்ணீரில் கரைத்து, வேகமாக இருக்கட்டும் என்று சலவைச் சோடாவும் ஒரு பிடி போட்டு, பின் சீற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே மூச்சில் பூசிவிட்டேன்.

சீற் சிவந்தது. கொஞ்சச் சிவப்பு அல்ல, இரத்தச் சிவப்பு.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது எங்கள் ஊரில் நடக்கத் தொடங்கின பிள்ளைக்கும் தெரியும். ஆரத்தி எடுக்கிற ஆலாத்தித் தண்ணீரை வேறு எப்படிக் கரைக்கிறார்கள்? சவர்க்காரமும் சோடாவும் சுண்ணாம்பு செய்கிற வேலையைத்தான் செய்யும். டப்பாவில் இங்கிலிஷ் எழுதியிருந்ததால் எனக்கு அது நினைவில் வரவில்லை.

கந்தையா அண்ணை மெல்லக் கீழே குந்தினார். “அண்டைக்குக்கூட இதுக்குள்ளை இவ்வளவு இரத்தத்தை நான் பாக்கேல்லைத் தம்பி,” என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை.

மாஸ்ரர் எஞ்சின் எண்ணெய்க் கையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“உதென்னடாப்பா, ஆட்டுக்கிடாய் வெட்டினியளோ?”

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

“கொழும்புக்குத் தந்தி அடிக்கிறன். கிறீம் கலரிலை தோலுக்கு அடிக்கிற பெயின்ற் இருக்கு. வெள்ளிக்கிழமை றெயில்லை வந்திடும். மேலாலை அடிச்சு மூடிவிடும்.”

மாஸ்ரர் சொன்னது சுலபமான வழி. ஆனால் அந்தப் பெயின்றை எனக்குத் தெரியும். நாலு நாளில் அது சரியாகக் காயாது. வெயிலில் நிற்கிற காருக்குள் கூறைச் சேலையோடு பெண் ஏறி இருந்தால் நெல்லியடியில் இறங்கும்போது சேலை சீற்றோடு ஒட்டிக்கொண்டு வரும். அதைவிட மஞ்சளே மேல்.

“வேண்டாம் மாஸ்ரர். இண்டைக்கு ஒரு நாள் விடுங்கோ, யோசிக்கிறன்.”

“நீர் யோசிச்சது காணும்,” என்றார் மாஸ்ரர். ஆனால் தந்தி அடிக்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்குப் போய், கால் கழுவாமலே என் மனிசி இராசம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஆலாத்தி கரைச்சுப் போட்டு வந்திருக்கிறியள்! தேசிக்காய்ப் புளியை விட்டுத் துடையுங்கோ, சிவப்பு திரும்பவும் மஞ்சளாகும்.”

“மஞ்சளாகினால்? மஞ்சளை என்ன செய்யிறது?”

“இஞ்சேருங்கோ, உங்கடை வேட்டியிலை கிழமைக்கு ரண்டு தரம் சொதி ஊத்துறியளே, அந்த மஞ்சளை நான் என்ன செய்யிறனான்? வெயில்லை போடுறனான். ரண்டு வெயில் காணும். பன்னிரண்டு வருஷமா உங்கடை வேட்டி வெள்ளையா இருக்கிறது சீமைச் சவர்க்காரத்தாலை எண்டோ நினைச்சனியள்?”

உண்மையைச் சொன்னால், அப்படித்தான் நினைத்திருந்தேன்.

4. நாலு வெயில்

வேட்டியை வெயிலில் போடலாம். தோலைப் போட்டால் வெடிக்கும். பின் சீற் வெடித்தால் மஞ்சளைவிட அது மோசம். வியாழக்கிழமை விடிய, சீற்றைக் காரிலிருந்து கழற்றி எடுத்துக் கராச்சின் பின் வளவில் இரண்டு நீள மர வாங்குகளின் மேல் போட்டு வைத்தோம். இந்த முறை சட்டப்படி, சீற்றின் அடிப்பக்க மூலையில் ஒரு சொட்டுத் தேசிக்காய்ப் புளி, எலுமிச்சஞ்சாறுதான், விட்டுப் பார்த்தேன். சிவப்பு மஞ்சளாகியது. முழுவதையும் துடைத்து, புளி தோலில் தங்காமல் மழைத் தண்ணீரில் பிழிந்த துணியால் நாலு தரம் ஒற்றி எடுத்தேன்.

பிறகு வெயில். காலையில் ஒன்றரை மணித்தியாலம், அதன் பிறகு நிழலுக்கு இழுத்து ஆமணக்கெண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, தோல் குளிர்ந்த பின் உலர்ந்த துணியால் அந்த எண்ணெயை எடுப்பது, பின்னேரம் மறுபடி ஒரு மணித்தியாலம். நானும் கந்தையா அண்ணையும் மாறி மாறிப் புறங்கையை வைத்துப் பார்ப்போம். கை சுட்டால் தோலுக்கும் சுடும். அவர் வீட்டிலிருந்து குடை கொண்டுவந்து, சூடு ஏறின இடத்துக்கு மட்டும் நிழல் பிடித்துக்கொண்டு நிற்பார். தான் வெயிலில், சீற் குடைக்குக் கீழே. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி அவர் அந்தத் தோலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மஞ்சள் இளகத் தொடங்கியது. சனிக்கிழமை மப்பு. வெயிலே இல்லை. அன்று முழுவதும் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு வாங்கின் நுனியில் இருந்தார். நான் சும்மா இருக்க முடியாமல் காரின் வெளிப்பக்கத்தை எடுத்துக்கொண்டேன். கீறலெல்லாம் எடுத்து, இரண்டு கோட் வாக்ஸ் போட்டு, பொனற்றில் என் மூக்குமயிர் தெரிகிறவரை தேய்த்தேன்.

“தம்பி, வேலை போனால் நான் வேறை கார் ஓட்டமாட்டன்,” என்று அவர் திடீரென்று சொன்னார்.

“ஏன் அண்ணை அப்பிடிக் கதைக்கிறியள்? நல்ல றைவருக்கு வேலையோ இல்லை?”

“வேறை கார் எண்டால், றோட்டிலை ஒராள் கையைக் காட்டி மறிக்கேக்கை புது முதலாளி என்ன சொல்லுவார் எண்டு நினைக்க வேண்டி வரும். பயந்து பயந்து என்னெண்டு ஓட்டுறது?”

நான் வாக்ஸ் டப்பாவை மூடி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. மத்தியானம்வரை அவர் குடையோடு இருந்து பார்த்துக்கொண்டதாக மாஸ்ரர் சொன்னார். அன்றைக்கும் திங்கட்கிழமையும் எறிந்த வெயிலைப் போல ஒரு வெயிலை நான் ஒருநாளும் விரும்பினதில்லை. திங்கள் பின்னேரம் தோல் பாலாடை நிறத்துக்கு வந்துவிட்டது. தையல் நூலில் மட்டும் மஞ்சள் மெல்லிசாக ஓடியது. நூலுக்குள் வெயில் போகவில்லை. தேன்மெழுகைத் துளி எண்ணெயில் உருக்கித் தோல் முழுவதும் பூசித் துடைத்து, சீற்றைக் காருக்குள் ஏற்றினோம்.

செவ்வாய்க்கிழமை வைத்திலிங்கத்தாரும் நாகம்மாக்காவும் வந்தார்கள். முதலாளி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “ஓம், வந்திருக்கு,” என்றார். அவருக்குத்தான் முதலில் மூச்சு வந்தது. நாகம்மாக்கா குனிந்து தையலைப் பார்த்தார்.

“உதிலை மஞ்சள் கிடக்கு.”

கந்தையா அண்ணை இடுப்பைத் தடவினதை நான் கண்டேன். சாவியை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“கிடக்கட்டும்,” என்றார் நாகம்மாக்கா. “கலியாணக் கார்தானே.”

அவ்வளவுதான். நாலு வெயிலும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

5. ஒரு கேள்வி

புதன்கிழமை காலை, வழியில் படிகிற புழுதியைத் துடைக்க என்னையும் கலியாண வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்து வாத்தியார், மெலிந்த மனிதர், நாள் முழுவதும் தலைப்பாகையைச் சரி செய்தபடி இருந்தார். பெண்ணின் பெயர் பூமணி. இருவரும் பின் சீற்றில் ஏறி இருந்தார்கள். வைத்திலிங்கத்தார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சம்பந்தி வீட்டார் சுற்றி நின்றார்கள். நான் முன் மட்காட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன். கந்தையா அண்ணை எஞ்சினை ஸ்ரார்ட் செய்தார்.

அப்போது பூமணி முன்னால் குனிந்து கேட்டாள். மெல்லத்தான் கேட்டாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“கந்தையாண்ணை, அந்தக் குழந்தை சுகமோ?”

வைத்திலிங்கத்தாரின் கை கதவில் அப்படியே நின்றது. ஒரு கிழமையாக மறைத்ததெல்லாம் வாசலில் வந்து நின்றது.

“எந்தக் குழந்தை?” என்றார் மாப்பிள்ளை.

“இந்தக் காருக்குள்ளை பிறந்த குழந்தை. வண்டில் முறிஞ்சு றோட்டிலை கிடந்த ஒரு மனிசியைக் கந்தையாண்ணை ஏத்திக்கொண்டு போனவர். மிச்சத்தைப் பேந்து சொல்லுறன்.”

மாப்பிள்ளை தான் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“இதுக்குள்ளையோ?” என்றார். “அப்ப நல்ல ராசியான கார்தான்.”

யாரோ சிரித்தார்கள். வைத்திலிங்கத்தார் கதவைச் சாத்திவிட்டுச் சால்வையால் முகத்தைத் துடைத்தார். ஆனால் கார் நகரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கந்தையா அண்ணை ஸ்ரீயரிங்கைப் பிடித்தபடி முன்னே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுகம் தங்கச்சி,” என்றார் கடைசியில். “பொம்பிளைப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போய்ப் பாத்தனான். தலை நிறைய மயிர். தாயும் சுகம்.”

கார் படலையைத் தாண்டிப் போயிற்று. நான் துணியோடு வாசலில் நின்றேன். ஆறு நாள் நானும் அவரும் ஒரு சீற்றின் இரண்டு பக்கத்திலும் இருந்திருக்கிறோம். சீற்றில் பட்டதா என்று கேட்டேன், எவ்வளவு மஞ்சள், எத்தனை குடம் தண்ணீர் என்று கேட்டேன். பிறந்தது ஆணா பெண்ணா, உயிரோடு இருக்கிறதா, அந்தத் தாய் என்ன ஆனாள் என்று ஒருதரமும் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மறக்கவில்லை. அவள் எந்தச் சாதிக்காரி என்று காதில் விழுந்த நிமிஷத்திலேயே எனக்குள் அந்தக் கேள்வி அடைபட்டுப் போயிருந்தது. என் தோளுக்குப் பக்கத்தில் நின்று அவர் அந்த ஒரு கேள்விக்காகக் காத்திருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் அந்த வேலை செய்தேன். இரத்தம், வாந்தி, பால், குழம்பு என்று எத்தனையோ கறை வந்தது. மஞ்சளை எதால் எடுப்பது என்று இந்தக் குறிப்பில் எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் மூலையில் பூசிப் பார்த்துப் பழகுங்கள். ஆனால் கதவைத் திறந்து கறையைப் பார்த்தவுடன் நான் துணியைத் தொடுவதில்லை. கார் கொண்டுவந்தவரிடம் முதலில் ஒன்று கேட்பேன்: “ஆள் சுகமோ?”

கந்தையா அண்ணையிடம் அதைக் கேட்க எனக்கு இன்னும் நாலு நாள் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், படலையில் நின்றபடியே கேட்டேன். “அண்ணை, அந்தப் பிள்ளைக்குப் பேர் வைச்சாச்சோ?”

அவர் படலையை அகலத் திறந்துவிட்டு, “உள்ளுக்கு வாரும் தம்பி, இருந்து கதைப்பம்,” என்றார்.